கரும்பு வெட்டிய பிறகு தெரிந்த சமாதி

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, வெருலத்திலிருந்து டோங்காட் போகும் பக்கத்தில், கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மாதங்களில் பழைய தோட்டத்து இடுகாடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மார்ச்சில் நானும் அத்தையும் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினோம். தோகையைக் கொளுத்தி வெட்டு முடித்திருந்த ஆகஸ்டில், தோட்டத்தாரிடம் அனுமதி பெற்று மறுபடியும் போனபோதுதான், கரிந்த கட்டைகளுக்கு நடுவே ஒரு மாமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு சமாதிகள் தெரிந்தன.

நாங்கள் தேடியது அத்தையின் பாட்டியை, அதாவது என் கொள்ளுப்பாட்டியை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனை வந்தடைந்த ‘ட்ரூரோ’ கப்பல் முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களில் அவரும் ஒருவர். கப்பல் பட்டியலில் அவருடைய எண், வயது, தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெயரைக் குமாஸ்தா தன் காதுக்குக் கேட்டபடி ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டார். அதைப் பார்த்தே எங்கள் குடும்பப் பத்திரங்கள் அனைத்திலும் பெயர் ‘வெ’ என்று தொடங்குகிறது. அத்தை மட்டும், “அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, ‘வ’தான்” என்று உறுதியாகச் சொல்லி வந்தார்.

ஐந்தாவது சமாதியில் எழுத்து இருந்தது. சிற்பி வெட்டியதன்று; ஈரச் சிமெண்டில் யாரோ ஆணியால் கீறியது, ஓர் எழுத்துக்கும் புள்ளி இல்லை. பாசி படர்ந்த பழைய சிமெண்டைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து உதிரும் என்பதால், தண்ணீர் தெளித்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, கைக்கண்ணாடியால் காலை வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினேன். முதலெழுத்துக்கு முன்னால் கொம்பு போலத் தெரிந்தது பாசியின் கறைதான், துடைத்ததும் போய்விட்டது. ‘வ’ மட்டுமே நின்றது. கப்பல் பட்டியலில் இருந்த அதே ஊரின் பெயரும் அடுத்த வரியில் இருந்ததால் ஐயமில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர், அவரை அழைத்த குரலையே சிமெண்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த ஆவணமும் எனக்கு இதைத் தந்திருக்காது.

ஜோஹானஸ்பர்க்கின் பிராம்ஃபான்டைன் மயானத்தில் தில்லையாடி வள்ளியம்மைக்கு 1914 ஜூலையில் காந்தியே நினைவுக்கல் திறந்து வைத்தார். இந்த மாமரத்தடியில் இருப்பவர்களுக்கு அவர்கள் பிள்ளைகள் கீறிய எழுத்துதான் உண்டு. புதுக்கரும்பு நட ஒவ்வொரு முறையும் கலப்பை இன்னும் கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஓரத்தில் இரண்டு சமாதிகளின் தலைமாடு ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது. ஆகவே, எழுத்தில்லாதவற்றையும் சேர்த்து ஒவ்வொன்றையும் படம் பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டேன்.

காய்ந்த தோகையை அத்தை நன்றாக ஒதுக்கிவிட்டு, பால் ஊற்றி, சாமந்தி வைத்து, கற்பூரம் ஏற்றினார். பிறகு குனிந்து, சரியான பெயரைச் சொல்லி, “பாட்டி, வந்துட்டோம்” என்றார்.