பை எடுத்த பிறகுதான் பாடு தொடங்கியது

மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் டாக்டரிடம் நான் முதலில் கேட்டது, "ரோபோ வச்சு ஆபரேஷன் பண்ணலாமா?" என்றுதான். கட்டி ஆசனவாயிலிருந்து 6 செ.மீ. மேலே இருந்தது. ஐந்து வாரத்துக்கு மேல் ரேடியேஷன், கூடவே கீமோ மாத்திரை. அதன்பின் எட்டு வாரம் காத்திருப்பு.

டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது. நோய் முதலில் பரவும் நிணநீர்க் கணுக்கள் அதற்குள்தான். உறை கிழியாமல் முழுசாக வெளியே வரவேண்டும். 1982-இல் பில் ஹீல்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை வலியுறுத்தினார். வயிற்றைத் திறந்தாலும், சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும், அதே துளைகள் வழியே ரோபோவில் செய்தாலும் உள்ளே நடக்கும் வேலை இதுதான். கடைசி இரண்டையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியான ரோலார் ஆய்வில், துளைவழி தொடங்கிப் பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது லேப்ராஸ்கோப்பியில் சுமார் 12 சதவீதம், ரோபோவில் 8 சதவீதம். ரோபோதான் மேல் என்று உறுதியாகச் சொல்ல அந்த வித்தியாசம் போதவில்லையாம். சரி, லேப்ராஸ்கோப்பியே போதும் என்று முடிவு செய்தோம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே நடந்தேன், ஏழாம் நாள் வீடு. பக்கத்துக் கட்டில் அண்ணாச்சிக்கு வயிற்றைத் திறந்து செய்திருந்தார்கள். இருமும்போதெல்லாம் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வார், பாவம். அவர் வீடு போக இன்னும் ஒரு வாரம் ஆனது.

இருவருக்குமே, வெட்டியது போக மீதிக் குடலைக் கீழே சேர்த்துத் தைத்த இணைப்பு ஆறும்வரை, சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே எடுத்து, மலம் சேரப் பை வைத்திருந்தார்கள். பையில் கஞ்சி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். உப்புப் போட்ட கஞ்சியும் ஓ.ஆர்.எஸ்.ஸும் குடிக்காவிட்டால் தலை சுற்றும். பையின் வளையம் சரியாகப் பொருந்தாத வாரம் தோல் வெந்துபோனது.

மூன்று மாதம் கழித்துப் பையை எடுத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முதல் வாரம் ஒரு நாளைக்கு 15 தடவை கழிப்பறை. போய்விட்டு வந்து உட்காரும்முன் மறுபடி அவசரம். மலத்தைத் தேக்கி வைக்கும் பகுதியையே வெட்டி எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அண்ணாச்சிக்குப் போன் செய்தேன், அவருக்கும் இதே கதை. ஆபரேஷனுக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டியது ரோபோவைப் பற்றி அல்ல. இணைப்பு எவ்வளவு கீழே வரும், அப்புறம் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை.

பேதியைக் கட்டுப்படுத்தும் லோப்பரமைடு மாத்திரையும், ஆசனவாய்த் தசையை இறுக்கி விடும் பயிற்சியும் கைகொடுத்தன. இப்போது ஒன்பதாவது மாதம், நாளைக்கு நாலைந்து தடவை. வெளியூர் என்றால் ரயிலில்தான் போகிறேன், பஸ்ஸில் ஏற இன்னும் தைரியம் வரவில்லை.