கோப்பில் கிடந்த 300

ஜனவரி 9

இரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருக்கிறது என்று போனேன். புதிய டாக்டர், இருபத்து மூன்று வயதில் எனக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய் இருந்ததைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போது ஏற்றிய மருந்தின் மொத்த அளவு தெரியுமா? நெஞ்சில் கதிர்வீச்சு உண்டா?" குணமான பின் எத்தனையோ டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன், இதைக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

ஜனவரி 17

பழைய கோப்பு பரணில் கிடைத்தது. டாக்சோரூபிசின்: ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 300 மில்லிகிராம். சிறுநீரையே சிவக்கவைத்த அந்தச் சிவப்பு மருந்துதான். 250-ஐத் தாண்டினாலே இதயத்துக்கு ஆபத்து அதிகமுள்ளவர்கள் பட்டியலாம். மார்பின் நடுவிலும் கழுத்திலும் கதிர்வீச்சு, 36 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு).

ஜனவரி 29

இதய மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். மருந்து இதயத் தசையைப் பலவீனமாக்கும். கதிர்வீச்சின் வேலை வேறு: இரத்தக் குழாய்கள், வால்வுகள், இதய உறை என்று எதையும் விடாது, அதுவும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். நெதர்லாந்தில் 1965 முதல் 1995 வரை இதே நோய்க்குச் சிகிச்சை பெற்ற 2,524 பேரைப் பற்றி 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. 40 ஆண்டுகள் ஆன பிறகும் அவர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட அதிகமாகவே வந்திருக்கிறது. ஐந்தாண்டு கடந்தால் தப்பித்தோம் என்ற கணக்கு புற்றுநோய்க்குப் பொருந்தும், இதயத்துக்குப் பொருந்தாது.

அதற்காக அந்தச் சிகிச்சையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் பார்க்க நான் இருந்திருக்க மாட்டேன்.

பிப்ரவரி 3

எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட், முடிந்தது. ஜெல் சில்லென்றிருந்தது.

பிப்ரவரி 11

ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னுள் நிறைந்த இரத்தத்தில் வெளியே தள்ளுவது 55 சதவீதம். இயல்பான அளவுதான். ஆனால் தசை சுருங்கும் விதத்தை அளக்கும் 'ஸ்ட்ரெயின்' கொஞ்சம் குறைவு. சதவீதம் சரிவதற்கு முன்பே இது சரியத் தொடங்குமாம். அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. கொழுப்புப் பரிசோதனையோடு தைராய்டும் பார்க்கச் சொன்னார். கழுத்தில் பட்ட கதிர்வீச்சு தைராய்டை மந்தமாக்கும். அது மந்தமானால் கொழுப்பு ஏறும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று.

"அதான் குணமாகிவிட்டதே, ஏன் வீணாக அலைகிறாய்?" என்கிறார் பெரியம்மா. அவரிடம் ஸ்ட்ரெயினை விளக்கும் தெம்பு எனக்கு இல்லை.

பிப்ரவரி 20

இப்போது சிகிச்சை பெறுபவர்களுக்குக் கதிர்வீச்சின் பரப்பும் அளவும் குறைந்துவிட்டன; பலருக்கு 20 முதல் 30 கிரேதான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி இதயத்தைக் கதிரின் பாதையிலிருந்து விலக்குகிறார்களாம். நல்லது.

மருந்து, அளவு, ஆண்டு, கதிர்வீச்சு பட்ட இடம் எல்லாவற்றையும் ஒரே தாளில் தட்டச்சு செய்து, தங்கையிடமும் ஒரு பிரதி கொடுத்தேன். படித்துவிட்டு, "நெஞ்சு வலித்தால் உடனே சொல் அக்கா" என்றாள். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு வலியே தெரியாமலும் அடைப்பு இருக்கலாம், மாடி ஏறும்போது மூச்சு வாங்கினாலே சொல்கிறேன் என்றேன். இரத்தக் குழாய்களுக்கான சி.டி. ஸ்கேன் அடுத்த வாரம்.