காருக்கு வேறு ரேடியோ போட்டேன், 101.4 மட்டும் வரவில்லை

போன வருடம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரில் எல்லாமே நன்றாக இருந்தது, ரேடியோவைத் தவிர. காரோடு வந்த செட், பத்து வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டது. சத்தத்தைக் கூட்டக் குமிழைத் திருப்பினால் குறையும். குறைக்கப் போனால் திடீரென்று அலறும். பட்டன்களில் எழுத்தே மிச்சமில்லை. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்த்தேன். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தது, அப்புறம் பழையபடிதான். உள்ளே தகடு தேய்ந்த குமிழை எந்த ஸ்பிரேயும் மீட்டுத் தராது.

பெரிய ஆண்ட்ராய்டு திரை போடச் சொல்லாத ஆளில்லை. எனக்கு அது வேண்டாம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தடவித் திருப்ப ஒரு குமிழ் வேண்டும். பக்கத்தில் உட்காரும் அப்பாவுக்கும் அதுதான் பழக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த சித்தி மகன் தன்னிடம் சும்மா கிடந்த செட் ஒன்றைக் கொடுத்தான். குமிழ் நன்றாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறும் முன்பே ஆரம்பித்தேன். முதலில் பத்தாம் நம்பர் ஸ்பானரால் பேட்டரி மைனஸைக் கழற்றினேன். டேஷ்போர்டு பேனலைத் துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டால் நெம்பினேன், கீறல் விழவில்லை. நான்கு ஸ்குரூ, செட் கையோடு வந்துவிட்டது.

பின்னால் பார்த்ததும்தான் வருத்தம். முன்பு யாரோ ஒயர்களை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். நம் ஊர் சூட்டில் டேப்பின் பசை உருகி, ஒயரெல்லாம் கறுப்புப் பிசினாக இருந்தது. அதைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைக்கவே ஒரு மணி நேரம். காரின் ஒயரை வெட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. ரிச்சி தெருவில் வாங்கிய கன்வெர்ட்டர் கப்ளரை (காரின் ஒயர் முனையில் அப்படியே செருகும் இணைப்பான்) புது செட்டின் ஒயரோடு வீட்டு மேஜையிலேயே சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு இணைத்துவிட்டேன். காரில் வெறுமனே செருகினால் போதும்.

செட் பக்கம் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் 12 வோல்ட், கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல் முன் ஸ்பீக்கர்கள். பச்சை, ஊதா பின்னால். கார் பக்கம் நிறத்தை நம்பவேண்டாம். பேட்டரியை மறுபடி மாட்டி, சாவியைத் திருப்பித் திருப்பி மல்டிமீட்டரில் பார்த்துத்தான் முடிவு செய்தேன். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கடிகாரமும் சேமித்த நிலையங்களும் அழிந்துபோகும்.

செட் பாடியது. எஃப்எம்மில் 91.1, 92.7, 93.5, 98.3 எல்லாம் கண்ணாடி மாதிரி. அப்பா வந்து உட்கார்ந்து 101.4 கேட்டார். ஆகாசவாணியின் ரெயின்போ நிலையம். கரகரவென்று, 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் கிழிந்தது. இந்தியாவிலேயே முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலையில் சென்னையில்தான் தொடங்கியது. அந்தக் காலத்திலிருந்து ரேடியோ கேட்கிற மனிதர் அவர். அவருக்கு இதைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆன்டெனாதான் என்று நினைத்தேன். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று எதையும் விடாது. அடியைக் கழற்றினால் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். மற்ற நிலையங்கள் இன்னும் தெளிவாயின, 101.4 அப்படியே. அதே ஆகாசவாணியின் 102.3 சுத்தமாக வருகிறதே, பிறகு ஆன்டெனாவை எப்படிக் குறை சொல்வது? 106.4உம் கரகர.

அரை மணி நேரம் கழித்துத்தான் திரையைக் கவனித்தேன். 101.3க்கு அடுத்தது 101.5. நடுவில் 101.4 என்று ஒன்று இல்லவே இல்லை! அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒற்றைப்படைப் புள்ளியில்தான் இருக்கும். செட் அந்தக் கணக்கில் தாவுகிறது. 98.3, 93.5 ஒற்றைப்படை, அதனால் வந்தன. 101.4, 106.4 இரட்டைப்படை, பக்கத்தில் நின்றுதான் கேட்கமுடிந்தது. மீடியம் வேவிலும் இடைவெளி அங்கே 10 கிலோஹெர்ட்ஸ், இங்கே 9. சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் இரண்டாலும் வகுபடும், அதனால் அதில் ஒன்றும் தெரியவில்லை.

செட்டை அணைத்துவிட்டுக் குமிழை அழுத்திப் பிடித்தால் வேறொரு மெனு வந்தது. அதில் நாடு சார்ந்த அமைப்பை மாற்றினேன். சேமித்த நிலையங்கள் அழிந்தன, பரவாயில்லை. முதல் பட்டனில் 101.4ஐப் போட்டேன். 'ச' சுத்தமாக வந்தது. அப்பா குமிழைத் தானே திருப்பி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

பழைய செட் 100 மில்லிமீட்டர் உயரம், இது 50. மீதி இடத்துக்குப் புதுப்பேட்டையில் சாமான் வைக்கும் பாக்கெட் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன், அப்பாவின் கண்ணாடிக் கூடு கச்சிதமாக உட்காருகிறது. பின் இடது ஸ்பீக்கர் சத்தம் கூட்டினால் அதிர்கிறது. அடுத்த ஞாயிறு கதவைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.