தீப்பெட்டி, அளவுகோல், 50 மி.மீ. லென்ஸ்

கேமராவே கூர்மையைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் துல்லியமா, லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்புவது துல்லியமா என்று கேட்டால் போதும், கேமரா வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். வாதாடிக்கொண்டிருப்பதைவிட மேசையில் வைத்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முக்காலியில் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த) கேமரா, 50 மி.மீ. லென்ஸ், துளை எஃப்/1.8 (எண் சிறிதானால் துளை பெரிது, கூர்மையான ஆழம் குறைவு). ஒரு மீட்டர் தள்ளித் தீப்பெட்டி ஒன்றை லென்ஸுக்கு நேர்முகமாக நிறுத்தினேன். அதை ஒட்டி ஓர் அளவுகோலைச் சாய்த்து, 15 செ.மீ. கோடு தீப்பெட்டியின் முகத்தோடு சரியாகப் பொருந்துமாறு வைத்தேன். சாய்ந்த அளவுகோலையே குறிவைப்பதில் பயனில்லை. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரியும் சின்னச் சதுரத்தைவிட ஆட்டோஃபோகஸ் உணரும் பரப்பு பெரியது. முன்கோட்டைப் பிடித்ததா, பின்கோட்டைப் பிடித்ததா என்று சொல்ல முடியாது. ஏபிஎஸ்-சி எனும் சற்றே சிறிய அளவுச் சென்சாரில் இந்தத் தூரத்துக்குக் கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 3 செ.மீ. பிசகினால் அளவுகோல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு படத்துக்கும் முன்பு லென்ஸை ஒருமுறை முடிவிலிக்கும் மறுமுறை மிக அருகுக்கும் திருப்பிக் கலைத்துவிட்டுத்தான் எடுத்தேன். வியூஃபைண்டர் வழியாக ஆட்டோஃபோகஸ் செய்தபோது கூர்மை 15-ஆம் கோட்டுக்குச் சற்று முன்பாகவே விழுந்தது. முடிவிலியிலிருந்து வந்தால் ஓரிடம், அருகிலிருந்து வந்தால் இன்னோரிடம். சரி, கண்தான் ஜெயிக்கும் என்று அதே வியூஃபைண்டரில் கையால் திருப்பினால், முடிவு இன்னும் மோசம்! இங்கே கண்ணைக் குறைசொல்ல முடியாது. இன்றைய கேமராவின் குவியத்திரை (வியூஃபைண்டரில் காட்சி விழும் திரை) வெளிச்சத்துக்காகவே செய்யப்பட்டது, எஃப்/1.8 லென்ஸை மாட்டினாலும் எஃப்/2.8 அளவுக்குத்தான் மங்கலைக் காட்டும். பழைய ஃபிலிம் கேமராக்களில் நடுவே பிளவுபட்டுத் தெரியும் வட்டம் ஒன்று இருக்கும். இரு பாதிகளும் ஒட்டிவிட்டால் ஃபோகஸ் சரி. 1985-இல் மினோல்டா 7000 வந்து ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர் பரவலான பிறகு அந்த வட்டத்தைப் புதிய கேமராக்களில் காண்பது அரிதாயிற்று.

அடுத்து லைவ் வியூ, அதாவது சென்சார் காண்பதைப் பின்திரையில் பார்ப்பது. திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, தீப்பெட்டி லேபிளில் ஓர் எழுத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வளையத்தை மெல்லத் திருப்பினேன். மங்கல், கூர்மை, மறுபடி மங்கல். கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்தினால் 15-ஆம் கோடு பளிச்சென்று நின்றது. எங்கிருந்து தொடங்கினாலும் அதே இடம். லைவ் வியூவில் ஆட்டோஃபோகஸும் ஏறத்தாழ அங்கேயே வந்து நின்றது, ஆனால் ஆமை வேகத்தில்.

ஆக, போட்டி கைக்கும் மோட்டாருக்கும் நடுவில் இல்லை. எங்கே அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் ஒளியின் ஒரு பகுதி பெரிய கண்ணாடியை ஊடுருவி, பின்னாலுள்ள சின்னக் கண்ணாடியில் பட்டு, அடியில் இருக்கும் தனி உணரிக்குப் போகிறது. அந்தப் பாதையின் நீளம் மயிரிழை மாறினாலும் படம் முன்னே பின்னே போய்விடும். உயர்ரக கேமராக்களில் இதைத் திருத்த அமைப்பு உண்டு, என்னுடையதில் இல்லை. கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் படம் பதியும் சென்சாரிலேயே அளப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கொடியில் காய்ந்த வேட்டியின் கரையையும் விட்டுவைக்கவில்லை. ஆட்டோஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி உடனே பிடித்தது. ஓரப்புள்ளிகள் முன்னும் பின்னும் ஓடித் திணறின. நடுப்புள்ளி மட்டுமே சிலுவை வகை, இரு திசைக் கோடுகளையும் உணரும். மற்றவை ஒரு திசைக் கோடுகளை மட்டுமே உணரும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியதும் அவையும் பிடித்துக்கொண்டன.

வெளியே கதை வேறு. பறக்கும் கொக்கைக் கையால் பின்தொடர என்னால் ஆகாது. அங்கே தொடர் ஆட்டோஃபோகஸுக்கே என் ஓட்டு. கருவேல முள்ளுக்குப் பின்னால் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால் ஆட்டோஃபோகஸ் முள்ளைத்தான் பிடிக்கும். தட்டானை மேக்ரோ லென்ஸில் ஒன்றுக்கு ஒன்று அளவில் (பொருளின் அசல் அளவே சென்சாரில் விழும்படி), எஃப்/8-இல் எடுத்தால் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கே வளையத்தைத் தொடாமல், உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, தட்டானின் கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துகிறேன். மூச்சு விட்டாலே போச்சு.

இப்போதைக்கு அசையாத பொருள் என்றால் முக்காலியும் லைவ் வியூவும் கையும். அசைவது என்றால் நடுப்புள்ளி ஆட்டோஃபோகஸ். எஃப்/1.8-இல் குவித்துவிட்டு எஃப்/4-இல் எடுத்தால் கூர்மை இடம் நகர்கிறதா என்று அடுத்து பார்க்க வேண்டும். சில லென்ஸ்களில் அதுவும் நடக்கும்.