பீரோ சாவி தேடிய 11 நிமிடங்கள்

காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணைக் கரையோரம் குடியிருக்கும் எங்களுக்கு, கிருஷ்ணகிரி அணையின் நீர்மட்டம் அதன் முழுக் கொள்ளளவான 52 அடியை நெருங்கும்போதெல்லாம் வெள்ள எச்சரிக்கை வருவது பழகிப்போன ஒன்று. 2017 நவம்பரில் அணையின் மதகு ஒன்று உடைந்தபோதுகூட, "நம்ம வீடு வரைக்கும் வராது" என்றுதான் அப்பா சொன்னார். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றதைக் கண்ட பிறகே அந்தப் பேச்சை விட்டார்.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடனே வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். வாசலைத் தாண்ட 30 நிமிடங்கள் ஆயின. அவற்றில் 11 நிமிடங்கள், அம்மா அரிசி டிரம்முக்குள் பத்திரப்படுத்தி மறந்துபோன பீரோ சாவியைத் தேடியதில் கழிந்தன. இப்போது பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போய், கதவுக்குப் பின்னால் தொங்கும் பழைய பள்ளிப் பையில் இருக்கின்றன. அவற்றைப் படமெடுத்து தருமபுரியில் இருக்கும் அக்காவுக்கும் அனுப்பிவிட்டேன். மின்சாரம் போனால் ஏடிஎம் இயங்காது என்பதால் கொஞ்சம் சில்லறை நோட்டுகளும், டார்ச்சும், பவர் பேங்க்கும் அதே பையில் உள்ளன.

மெயின் சுவிட்சை அணைப்பதும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவதும் தம்பியின் பொறுப்பு. ஆனால் தரையில் தண்ணீர் நின்றுவிட்டால் சுவிட்ச் போர்டின் பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். தரைப்பாலம்தான் முதலில் மூழ்கும் என்பதால், சற்றுச் சுற்றானாலும் மேட்டுவழியையே தேர்ந்தெடுத்தோம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணை நாட்காட்டி அட்டையில் எழுதியாயிற்று.

உண்மையில் சிக்கலாக இருந்தது மாடுதான். அதை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று பாட்டி திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆகவே எச்சரிக்கை வந்த உடனேயே, தண்ணீர் வரும் வரை காத்திராமல், மாட்டை மேட்டிலுள்ள மாமாவின் மாந்தோப்புக்கு ஓட்டிச் செல்வதென முடிவாயிற்று. கடைசி நேரத்தில் இயலாமல் போனால் கட்டுத்தறியில் விட்டுவிடாமல் அவிழ்த்துவிட வேண்டும். அதற்காக ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடக் கற்றுக்கொண்டோம்.

இரண்டாம் ஒத்திகைக்கு 14 நிமிடங்கள் பிடித்தன. பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒரு வாரத்துக்கானதைப் பையில் வைத்திருக்கிறோம். மாதந்தோறும் புதிய அட்டை வாங்கும் அன்றே பழையதை வெளியே எடுத்து, முதலில் அதைச் சாப்பிடக் கொடுக்கிறார் அம்மா.