ஐப்பசி மழைக்கு முன் டயரை அளந்துவிடுங்கள்

டெல்டா ரோட்டில் பைக் டயர் படும் பாடு தனி. சம்பா நடவின்போது டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து களியை இழுத்து வந்து தாரில் அப்பிவிட்டுப் போகும். அதன்மேல் தூறல் விழுந்தால் வண்டல் வழவழவென்று படர்ந்துவிடும். பட்டன் (டயர் மேல் பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர் கட்டி) ஆழம் குறைந்த டயருக்கு அங்கே பிடியே கிடைக்காது. "இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

செண்டர் ஸ்டாண்ட் போட்டு, பள்ளங்களில் காய்ந்து கிடக்கும் மண்ணைக் குச்சியால் சுரண்டி எடுங்கள். மண் இருந்தால் அளவு தப்பும். டெப்த் கேஜ் இல்லாவிட்டால் வெர்னியர் காலிப்பரின் பின்பக்கம் நீளும் கம்பி போதும். வால்வுக்கு நேரே ஆரம்பித்து, சக்கரத்தைச் சுற்றி மூன்று இடங்களில் நடு, இடது, வலது என்று ஒன்பது அளவு எடுங்கள். இருப்பதிலேயே குறைந்த எண்தான் கணக்கு. அதைக் கிலோமீட்டரோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

6 மி.மீ. இருந்த பின் டயர் 4,000 கி.மீ. ஓடி 4.8 ஆனால், ஆயிரத்துக்கு 0.3 மி.மீ. தேய்கிறது. 2 மி.மீ. வரை இன்னும் ஏறத்தாழ 9,000 கி.மீ. இருக்கிறது. மூட்டை ஏற்றினாலோ காற்று குறைந்தாலோ இந்தக் கணக்கு மாறும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை திரும்ப அளக்க வேண்டும். டயர் தேய்ந்து முடிந்ததைக் காட்டப் பள்ளத்துக்குள் வைத்திருக்கும் சின்ன மேடு பைக் டயரில் பொதுவாக 0.8 மி.மீ. உயரம். அதுவரை காத்திருப்பது வெயில் காலத்துக்கே அதிகம். மழைக்காலத்துக்குள் 2 மி.மீ.க்குக் கீழ் இறங்கும் டயரை முன்னாலேயே மாற்றிவிடுவதுதான் சரி.

ஆழத்தைவிடத் தேய்ந்த விதம் அதிகம் சொல்லும். நடு மட்டும் தட்டையானால் காற்று கூடுதல், அல்லது நேர் ரோட்டிலேயே ஓடுகிற வண்டி. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே பக்கம் தேய்ந்தால் டயரைக் குறை சொல்லாமல் செயின் அட்ஜஸ்டரைப் பாருங்கள்: இரு பக்கக் கோடும் ஒரே இடத்தில் நிற்கிறதா? செயின் டைட் வைக்கும்போது ஒரு பக்கம் கூடுதலாகத் திருகிவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளும். முன் டயரைத் தடவும்போது மேடும் குழியுமாகக் கைக்குத் தட்டுப்பட்டால் கோன்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்), வீல் பேரிங், ஷாக் அப்சார்பர் மூன்றையும் சோதிக்க வேண்டும். இவற்றைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். பெரும்பாலான 100 சிசி வண்டிகளுக்குத் தனியாக ஓட்ட முன் 25, பின் 28 பிஎஸ்ஐ அளவில் வரும். பின்னால் ஆளோ நெல் மூட்டையோ ஏறினால் பின் டயருக்கு இன்னும் கூட்ட வேண்டும்; அந்த அளவு வண்டி ஸ்டிக்கரிலேயே இருக்கும். பங்க் கேஜ் பல இடங்களில் தப்பாகக் காட்டும். சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரை ரோடுகளில் சீமைக்கருவேல முள்தான் எமன். டியூபுக்கு ஒட்டுப் போட்டதும் அப்படியே மாட்டவிடாதீர்கள். டயரின் உள்பக்கம் பழைய பருத்தித் துணியை ஒரு சுற்று இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பருக்குள் ஒடிந்து நிற்கும் முள் நுனி துணியின் நூலைப் பிடிக்கும். அதை வெளியிலிருந்து குத்தித் தள்ளி, உள்பக்கமாகப் பிடுங்கி எடுக்காவிட்டால் அதே இடத்தில் மறுபடி பஞ்சர்தான். நாகை, வேதாரண்யம் பக்கம் ஓடுகிற வண்டிகளில் ரிம்மின் உள்பக்கத் துருவையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் துருவேறிய ஸ்போக் முனை டியூபைக் குத்தும்.

முன் டயர் மெதுவாகத் தேய்வதால் பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகி, பக்கச் சுவரில் வெடிப்பு விட்டிருந்தால் ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2421 என்றால் 2021-ன் 24-வது வாரம் செய்தது. கடையில் புதிது வாங்கும்போதும் இதைப் பார்த்து வாங்குங்கள். டயரோடு டியூபையும் மாற்றுங்கள், அம்புக்குறி சுழலும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள், முதல் 150 கி.மீ. வரை வளைவில் சாய்க்காமல் ஓட்டுங்கள்.