செவ்வாய்க்கிழமை சார்ட்

"ரயில் பகல்லல்லா போவுது தம்பி. நம்ம வண்டி ராத்திரில்லா போவுது. பொறவு அது எப்படி நம்ம ஆள இழுக்கும்?"

டிரைவர் அண்ணாச்சி கேட்டதில் தப்பே இல்லை. திருநெல்வேலியிலிருந்து போகிற எங்கள் எட்டரை மணி சென்னை ஸ்லீப்பர் பஸ்ஸை நிறுத்துவதென்று முதலாளி முடிவெடுத்துவிட்டார். அவரிடம் சொல்வது மட்டும் என் பொறுப்பு. "வந்தே பாரத் வந்த பிறகு கலெக்‌ஷனே இல்லை அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் அந்த ரயில் வந்த பிறகு சில முகங்கள் நின்றுபோனது உண்மைதான். காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் ஏறினால் மதியம் இரண்டு மணிக்குள் எழும்பூர். எங்கள் வண்டிக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலாகும். சுகர் இருக்கிற பெரியவர்கள் நடுராத்திரியில் வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். ரயிலில் பாத்ரூம் இருக்கிறது. எங்கள் பஸ்ஸில் கீழ் பெர்த் கேட்டு போன் செய்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பெரியவர்கள்தான்.

ஆனால் மேல் பெர்த்தில் போகிற பையன்கள்? அவர்களுக்கு ராத்திரி தூங்கிவிட்டுக் காலையில் வேலைக்குப் போக வேண்டும். பகல் ரயில் அவர்களுக்கு எதற்கு? 2024 ஜனவரியில் ஆம்னி பஸ்கள் கோயம்பேடு போகக் கூடாது, கிளாம்பாக்கத்தோடு நிற்க வேண்டும் என்றார்கள். அங்கே இறங்கி வீடு போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம், ஆட்டோ செலவு வேறு. அப்புறம் தீபாவளிக்கு நாங்கள் வைத்த ரேட். வைத்தவர் முதலாளி, கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான். அதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ரயிலுக்குச் செவ்வாய்க்கிழமை ஓட்டம் கிடையாது. ரயில்தான் ஆளை இழுக்கிறதென்றால் செவ்வாயன்றாவது எங்கள் வண்டி நிறைய வேண்டும் அல்லவா? செவ்வாய் சார்ட்டும் திங்கள் சார்ட்டும் ஒரே மாதிரிதான் இருந்தன, மேல் வரிசை முழுக்கக் காலி. வாரத்தில் ஒரு நாள் ரயில் இல்லை என்பதற்காக யாரும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இருக்கலாம். ஆனால் அவரிடம் பேசுவதற்கு முன்பே அந்தச் சார்ட்டைப் பார்த்திருந்தேன்.

முதலாளி என்று சொல்லியிருந்தால் அண்ணாச்சி நேரே அவரிடம் போய்ச் சண்டை போட்டிருப்பார். கிளாம்பாக்கம் என்றால் சங்கத்தைக் கூட்டியிருப்பார். ரயிலிடம் யார் போய்ச் சண்டை போடுவது? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரயிலுன்னா நாம என்ன செய்ய முடியும், சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். போன மாதம் வண்ணார்பேட்டை டீக்கடையில் யாரிடமோ, "வந்தே பாரத்துல்லா என் வேலைய முழுங்கிட்டு. தம்பிகிட்ட கேளும்" என்று என்னைக் காட்டினார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். டீக்கு அவரே காசு கொடுத்தார்.